கன்ட்ரோல் எஸ்

கிளைப்பெடா துறைமுகத்தில் பன்னிரண்டு பாரந்தூக்கிகள்.
எந்தப் பெட்டியை எது எப்போது எடுக்கும் என்று
முடிவுசெய்கிற நிரலுக்குப்
பதினேழு வருடமாக நான்தான் வேலைக்காரி.

மார்ச்சில் புது எடிட்டர் வந்தது.
"இனி எல்லோருக்கும் ஒரே கருவி" என்றார் ரிம்வீதஸ்.
நல்ல கருவிதான். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.
நான் பாதி நினைப்பதற்குள் மீதியை எழுதிக் காட்டும்.
இடப்பக்கம் ஒரு மரம், வலப்பக்கம் ஒரு வரைபடம்,
மூலையில் எப்போதும் எதற்கோ ஒரு மணி.
விருந்துக்குப் போன வீட்டில்
சோபா நுனியில் உட்கார்ந்த மாதிரி
மூன்று வாரம் அதில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து மேஜை தௌத்விலஸ் கேட்டான்:
"அந்தக் கறுப்புத் திரையில் அப்படி என்னதான் இருக்கிறது?"
வேகம் என்றேன்.
பொய். அவன் என்னைவிட வேகம்.
மவுஸைத் தொடவே வேண்டாம் என்றேன்.
அவன் தன் மவுஸைக் குனிந்து பார்த்தான், பாவம்.

அவனிடம் சொல்லத் தெரியாதது இது:
அங்கே ஜே என்பது எழுத்தல்ல, கால்.
தட்டினால் ஒரு வரி கீழே இறங்கும்.
வேறொரு விசையைத் தொட்டுவிட்டு வந்தால்
அதே ஜே மறுபடி எழுத்து.
நடப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே ஒரு கதவு.
அது திறந்து மூடுகிற சத்தம்
விரலுக்கு மட்டும் கேட்கும்.

அந்தக் கதவு இல்லாத இடங்களில் இடறி விழுகிறேன்.
வங்கிக்கு எழுதிய மனுவில் ஜேஜேஜே.
தங்கை வைவாவின் பிறந்தநாள் வாழ்த்தில் ஜேஜே.
"யாரந்த ஜே?" என்று
அவள் கணவன் விசாரித்தானாம்.

பழகப் பழகப் பாலும் புளிக்குமாம்.
புளிக்கட்டுமே.
இந்த ஊரில் புளித்த பாலைத்தான்
சுடச்சுட உருளைக்கிழங்கோடு
தட்டு வழிய வைத்துச் சாப்பிடுகிறோம்.

பழையதன் அமைப்புக் கோப்பில் முன்னூற்றுப் பன்னிரண்டு வரி.
எண்பத்தேழாவதன் தலையில் என் குறிப்பு:
"இதை நீக்காதே. ஏன் என்று மறந்துவிட்டது."
ஐந்து மடிக்கணினிகளுக்கு
அந்த வரியைக் கூட்டிப்போயிருக்கிறேன்.
என் திருமணம்
இரண்டாவதைத் தாண்டவில்லை.

ஏப்ரல். கடலில் புயல். இரவு இரண்டு மணி.
ஒரு பெட்டி நிறைய உறைந்த ஹெர்ரிங் மீனோடு
நான்காம் பாரந்தூக்கி
பாதி வானத்தில் நின்றுவிட்டது.
"ஸ்கிர்மாந்தே, மீன் காற்றில் நீந்துகிறது" என்றார்
போனில் ஆல்விதஸ். சிரிக்கவில்லை.

படுக்கையில் இருந்தபடியே சர்வருக்குள் நுழைந்தேன்.
அங்கே மரமில்லை, மணியில்லை,
பழையதுதான்.
கர்சர் விட்டு விட்டுத் துடித்தது.
தவறிய இடம் தெரிந்தது. ஒரே ஒரு குறி.
மாற்றினேன்.
சேமிக்க வேண்டும். மூன்றே வாரத்துப் புதுப் பழக்கத்தில்
விரல் தானாகப் போனது:
கன்ட்ரோல் எஸ்.

திரை உறைந்தது.

எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை.
ஒரு பிழைச்செய்தி, ஒரு வசவு, எதுவும் இல்லை.
தாழிட்டுக்கொண்டு உள்ளே இருக்கிற ஊடல்.
எஸ்கேப் தட்டினேன்.
ஜே. ஜே. ஜேஜேஜே.
போனில் காற்று விசிலடித்தது.
"இருக்கிறாயா?" என்றார் ஆல்விதஸ்.
இருக்கிறேன் என்றேன், யாரிடம் என்று தெரியாமல்.

பிறகு நினைவு வந்தது,
டெர்மினல்கள் தடித்த பெட்டிகளாக இருந்த காலத்து வழக்கம்:
எஸ் என்றால் நில்,
க்யூ என்றால் போ.

கன்ட்ரோல் க்யூ.

ஒரே மூச்சில் எல்லாம் வந்தது.
வாசலில் நின்று நான் தட்டிய தட்டெல்லாம்,
ஒன்று விடாமல், தட்டிய வரிசையில்.
கர்சர் படபடவென்று ஐந்து வரி இறங்கி நின்றது.
பேசாமல் இருந்ததே தவிர
கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இரண்டு நாற்பதுக்கு மீன் தரைக்கு வந்தது.
காலையில் ரிம்வீதஸுக்கு அறிக்கை:
கோளாறு, காரணம், திருத்தம்.
பயன்படுத்திய கருவி என்ற கட்டத்தை
வெறுமனே விட்டேன்.
அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்,
என் பெயருக்குக் கீழே
இரண்டு ஜே.